பாதையும் வேண்டும், பனையும் வேண்டும்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)



சங்கச் செயலாளர் அண்ணன் என்னிடம், "கல்லூரி நாட்களைப் பத்திப் பேச நெறைய பேர் இருக்காங்க. நீங்க உங்க வேலையைப் பத்திப் பேசுங்க" என்று சொல்லிவிட்டார். நல்லதாகப் போயிற்று. நான் கட்டுமானப் பொறியாளன். ஆனால் பெரிய பாலமோ துறைமுகத் தளமோ கட்டுகிறவன் அல்ல. கிராமச் சாலை, வாய்க்கால் கரை, சிறுபாலம், வயல்பாதை, இவைதான் என் வேலை. இந்த மேடையில் எனக்கு முன்னால் பேசியவர்கள் கப்பல், அனல்மின் நிலையம், மென்பொருள் என்றெல்லாம் பேசினார்கள். நான் வயலுக்குப் போகிற பத்தடிப் பாதையைப் பற்றிப் பேசப்போகிறேன். சிறிய விஷயம்தான். ஆனால் இதற்காக அண்ணன் தம்பி முகம் பார்க்காமல் இருக்கிற ஊர்கள் நம் மாவட்டத்தில் உண்டு.

விஷயம் இதுதான். விவசாயி வயலுக்குப் பாதை கேட்கிறார். பாதை போக வேண்டிய இடத்தில் மரம் நிற்கிறது. வெட்டலாமா, கூடாதா? ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் என்றால் நெல்வயலும் வாழைத்தோட்டமும். நிற்கிற மரம் பனை, மருதம், வாகை. திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கம் என்றால் செம்மணல் தேரி; நிற்கிற மரம் பனை, உடை. எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் என்றால் கரிசல் புஞ்சை. நிற்கிற மரம் வேம்பு, பனை. மண் மாறும், மரம் மாறும், சண்டை மட்டும் மாறாது.

முதலில் பாதை கேட்பவரின் பக்கத்தைச் சொல்கிறேன். ஏனென்றால் ஊரை விட்டு வந்து, மாடி வீட்டில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு மரத்தின் பக்கம் பேசுவது ரொம்பச் சுலபம்.

தாத்தா காலத்தில் நான்கு ஏக்கர் ஒரே பட்டாவாக இருந்தது. ஒரு பக்கம் வண்டி நுழைந்தால் போதும். அப்பா காலத்தில் அது மூன்று உட்பிரிவு ஆயிற்று. இன்றைக்கு ஏழு. பத்திரத்தில் "மாமூல் நடைபாதை பாத்தியம் உட்பட" என்று ஒரு வரி இருக்கும். அந்த மாமூல் பாதை எங்கே என்று கேட்டால் வரப்பைக் காட்டுவார்கள். வரப்பில் ஆள் போகலாம், டிராக்டர் போக முடியுமா?

முன்பெல்லாம் இது பெரிய தொல்லையாக இல்லை. ஏர்மாடு பக்கத்து வயல் வழியாக இறங்கிப் போகும். அறுப்புக்கு ஆள் வருவார்கள், கட்டுகளைத் தலைச்சுமையாகக் களத்துக்குக் கொண்டுபோவார்கள். எல்லாரும் ஒரே சமயத்தில் நட்டு, ஒரே சமயத்தில் அறுத்தார்கள். இப்போது ஆள் கிடைப்பதில்லை. அறுப்பு இயந்திரம்தான் வர வேண்டும். அதற்குள் பக்கத்து வயல்காரர் நெல்லை விட்டு வாழைக்கு மாறியிருப்பார். வாழை ஆண்டு முழுக்க நிற்கிற பயிர். அதன் வழியே எப்படி இயந்திரத்தை இறக்குவது? ஒருவர் வாழை போட்டால் பின்னால் இருக்கிற நான்கு பேருக்கு வழி அடைபட்டுப் போகும். அவர் பாவம் எந்தத் தப்பும் செய்யவில்லை. அவருடைய வயலில் அவர் வாழை போட்டார், அவ்வளவுதான்.

தூத்துக்குடித் துறைமுகம் பெருந்துறைமுகமாகி 1974-இலிருந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் துறைமுகத்துக்கு நான்கு வழிச் சாலை இருக்கிறது. கப்பல் ஏறுகிற சரக்குக்கு வழி இருக்கிறது. ஆனால் வயலிலிருந்து முதல் தார்ச்சாலை வரைக்கும் உள்ள அரைக் கிலோமீட்டர் தூரத்துக்கு வாழைக்குலை இன்னும் மனிதன் தலையில்தான் போகிறது.

பாதை இல்லாத வயலுக்கு என்ன ஆகும் தெரியுமா? முதலில் தரிசாகும். பிறகு சீமைக் கருவேலம் ஏறும். பிறகு விலைக்குப் போகும். வாங்குகிறவர் பக்கத்து வயலையும் சேர்த்து வாங்கி, மனை போட்டு, ஒரே வாரத்தில் அகலமாக ரோடு அடிப்பார். அன்றைக்கு ஒரு மரமும் மிஞ்சாது. ஆகவே பாதையைத் தடுத்துவிட்டால் மரம் பிழைத்துவிடும் என்று யாராவது சொன்னால், அந்தக் கணக்கு சரியில்லை. வயலில் வெள்ளாமை நடக்கிற வரைக்கும்தான் வரப்பு மரத்துக்கு வாழ்வு.

சரி, இப்போது மரத்தின் பக்கம்.

பனை நம் மாநில மரம் என்று பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லும். ஆனால் வயலோரத்துப் பனையை நான் மாநில மரமாகப் பார்ப்பதில்லை. ஒரு கட்டுமானமாகப் பார்க்கிறேன். பனைக்கு ஆணிவேர் கிடையாது. தூரிலிருந்து கணக்கற்ற சல்லி வேர்கள் நாலா பக்கமும் இறங்கிக் கரை மண்ணைப் பிடித்துக்கொள்ளும். சம்பளம் வாங்காத கரைக்காவல் அது. கூடவே பதநீர், கருப்பட்டி, நுங்கு, கிழங்கு, ஓலை, நார். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும், மணப்பாட்டுப் பெண்கள் ஓலையில் பெட்டி முடைந்து விற்பதும் இந்த மரத்தை நம்பித்தான்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் நூற்றுக்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். குளங்களும் வாய்க்கால்களும் உடைந்தன. தண்ணீர் வடிந்த பிறகு நான் பல கரைகளில் நடந்து பார்த்தேன். பனை நின்ற கரையெல்லாம் தப்பித்தது என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிப்பட்ட மழைக்கு எந்தக் கரையும் உத்தரவாதம் தராது. ஆனால் இரண்டு விஷயங்களைக் கண்ணால் பார்த்தேன். டிராக்டர் இறங்குவதற்காகக் கரையை வெட்டிச் சரித்த இடங்களில் தண்ணீர் அந்த வெட்டு வழியாகவே பாய்ந்திருந்தது. குழாய் பதிக்காமல் மண்ணடித்து உயர்த்திய வயல்பாதைகள் அணை மாதிரி நின்று, மேல்பக்கத்து வயலில் தண்ணீரைத் தேக்கிப் பயிரை அழுக வைத்திருந்தன. அதாவது, பாதை போடுவது மரத்தை மட்டும் பாதிக்கிற காரியம் அல்ல. தண்ணீர் போகிற வழியையும் சேர்த்து மாற்றுகிற காரியம்.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. அப்படியானால் எப்படித் தீர்ப்பது? என் அனுபவத்தில், இந்தச் சண்டைகளில் பாதிக்கு மேல் யாரும் டேப் பிடித்து அளக்காததால் வருகிற சண்டைகள். ஒரு உதாரணம் சொல்கிறேன்.

ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே, வடகால் பாசனத்தில் ஒரு ஊர். பேர் வேண்டாம். பதினான்கு விவசாயிகள் சேர்ந்து, வாய்க்கால் கரையோரமாக நானூறு மீட்டருக்கு இருபதடிப் பாதை வேண்டும் என்று தீர்மானித்து, மதிப்பீடு போடுவதற்கு என்னைக் கூப்பிட்டார்கள். அந்தக் கரையில் நாற்பத்தொரு பனையும் ஒரு பெரிய வாகையும் நின்றன. கரை புறம்போக்கு. ஆனால் பனைகள் பலருக்குச் சொந்தம். புறம்போக்கில் நிற்கிற மரத்துக்கு மரப்பட்டா என்று ஒன்று உண்டு. கிராமக் கணக்கில் '2சி' என்று சொல்வார்கள். மண் அரசாங்கத்துடையது, மரம் ஆளுடையது. தம்பி தங்கைகள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். நிலத்தின் பட்டாவை மட்டும் பார்த்துவிட்டு எஸ்டிமேட் போட்டால் வம்புதான்.

அதில் ஒன்பது பனை ஒரு ஆச்சிக்குச் சொந்தம். நான் அளந்துகொண்டிருக்கும்போது வந்து நின்றார்கள். அவர்கள் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "தம்பி, ரோடு வேண்டாம்னு நான் சொல்லல. எம் மவன் வாழைக்கொலைய தலையில சொமந்து சொமந்துதான் இடுப்பு ஒடிஞ்சு கெடக்கான். ஆனா இந்த ஒம்போது பனையும் எங்க மாமனார் போட்டது. வருசத்துக்கு ரெண்டு மாசம் எங்க வீட்டுல அடுப்பு எரியிறது இந்தக் குத்தகைக் காசுலதான். ரெண்டையும் ஒரே ஆளுட்ட கேட்டா நான் எதைச் சொல்ல?"

நண்பர்களே, பாதைக்காரர் ஒரு கட்சி, மரக்காரர் ஒரு கட்சி என்று நாம் நினைக்கிறோம். அந்த ஆச்சி வீட்டில் இரண்டு கட்சியும் ஒரே அடுப்பில் சாப்பிட்டது.

நான் முதலில் கேட்டது, "இருபதடி யாருக்கு வேணும்?" என்பதுதான். ஒருவருக்கும் சரியாகப் பதில் தெரியவில்லை. "அகலமாப் போட்டா நல்லதுதானே" என்றார்கள். டிராக்டரும் அதன் டிரெய்லரும் ஏழடிக்குள் அடங்கும். சங்கிலிச் சக்கரத்தில் ஓடுகிற சிறிய அறுப்பு இயந்திரம் சுமார் ஏழரை அடி. டயரில் ஓடுகிற பெரிய இயந்திரத்தின் வெட்டும் பகுதி பன்னிரண்டு, பதினான்கு அடி இருக்கும். ஆனால் அதைக் கழற்றித் தனியாக இழுத்துக்கொண்டு வரலாம். ஆக, பத்தடிப் பாதையும், எதிரே வண்டி வந்தால் ஒதுங்க ஓரிடமும் இருந்தால் வேலை நடக்கும். 2000-இல் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்திலேயே, போக்குவரத்து குறைவான இடத்தில் மூன்று மீட்டர் தளம் போதும் என்று அனுமதி உண்டு. ஊருக்குப் போகிற சாலைக்கே அது போதும் என்றால், வயலுக்குப் போகிற பாதைக்கு இருபதடி எதற்கு? இருபதடி கேட்கிற இடத்தில் கொஞ்சம் விசாரித்துப் பாருங்கள். சில சமயம் அது வயலுக்கான பாதையாக இருக்காது. பின்னால் மனை போடுவதற்கான முன்னேற்பாடாக இருக்கும்.

அடுத்து, புலப்படத்தை எடுத்துப் பார்த்தோம். கிழக்குப் பக்கம் பழைய வண்டிப்பாதைப் புறம்போக்கு ஒன்று அதில் தெளிவாக இருந்தது. தரையில்தான் இல்லை. பாதி வேலிக்குள் போயிருந்தது, மீதி சீமைக் கருவேலத்துக்குள். அந்த மரத்தை வெட்டுவதற்கு யாரும் கண்ணீர் விட வேண்டியதில்லை. அதை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2017-இல் உத்தரவு போட்ட கதை எல்லாருக்கும் தெரியும். மரம் என்றால் எல்லா மரமும் ஒன்று அல்ல. வேலியைத் தள்ளிப் போட்டிருந்தவரிடம் பெரியவர்கள் பேசினார்கள். அவருக்கும் பின்னால் ஒரு வயல் இருந்தது, அவருக்கும் இயந்திரம் வர வேண்டும். ஒரு வாரம் முறைத்துக்கொண்டிருந்தார், பிறகு வேலியைப் பிரித்துவிட்டார்.

நானூறு மீட்டரில் இருநூற்றைம்பது மீட்டர் இப்படிப் பழைய பாதையிலேயே கிடைத்துவிட்டது. மீதி நூற்றைம்பது மீட்டரில், கரையின் மேல் போகாமல், வெளிச்சரிவின் அடியில் போனோம். வாகைக்காக நாலடி வளைத்தோம். இரண்டு இடத்தில் குழாய்ப்பாலம், தண்ணீர் அதிகம் வருகிற ஓரிடத்தில் பாதையைத் தாழ்த்தித் தாம்போதி. நாற்பத்தொரு பனையில் மூன்று மட்டும் எந்தக் கோட்டில் போனாலும் இடித்தது. அந்த மூன்றையும் முறைப்படி அனுமதி வாங்கி வெட்டினோம். வெட்டாமல் முடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் முடியவில்லை. மூன்று மரத்துக்காகப் பதினான்கு குடும்பத்தை நிறுத்திவைப்பது நியாயமும் இல்லை.

அந்த மூன்றில் ஒன்று ஆச்சியுடையது. அதற்கு என்ன விலை கொடுப்பது என்று பேச்சு வந்தது. விறகு விலை கொடுத்தால் போதும் என்றார் ஒருவர். விறகு விலை என்பது செங்கல் சூளைக்காரர் கொடுக்கிற விலை. பனையின் விலை அது அல்ல. இன்றைக்கு ஒரு பனங்கொட்டையைப் புதைத்தால் அது பதநீர் தருவதற்குப் பன்னிரண்டு ஆண்டுக்குக் குறையாது. பதினைந்து என்றும் சொல்வார்கள். அத்தனை ஆண்டுக் குத்தகைதான் அந்த மரத்தின் விலை என்று நான் எழுதிக் காட்டினேன். கொஞ்சம் சத்தம் எழுந்தது. கடைசியில் பதினான்கு பேரும் பங்கு போட்டுப் பன்னிரண்டு ஆண்டுக் குத்தகையைக் கணக்கிட்டுக் கொடுத்தார்கள். ஒரு மரத்துக்கு இவ்வளவா என்று கேட்டவர்கள், முதலில் கேட்டபடி நாற்பத்தொரு மரத்துக்கும் கொடுக்க வேண்டியிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று அவர்களே பெருக்கிப் பார்த்துக்கொண்டார்கள். மரத்துக்குச் சரியான விலை போட்டால், பாதை தானாகவே வளைந்து போகும்.

எல்லாருக்கும் திருப்தியா என்றால், இல்லை. வாகை வளைவில் திருப்புவதற்கு இயந்திர ஓட்டுநர்கள் இன்றைக்கும் முணுமுணுக்கிறார்கள். இரண்டு சென்ட் நிலம் விட்டுக்கொடுத்த ஒரு அண்ணாச்சி என்னைப் பார்த்தால் இன்னும் பேசுவதில்லை. ஆனால் பிசான அறுப்புக்கு இயந்திரம் வயலுக்குள் இறங்குகிறது. வாழைக்குலை டிரெய்லரில் வருகிறது. கரையும் நிற்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று சிலர் கேட்பீர்கள். நம் சென்னை மாகாணத்துக்கு ஆரம்பத்திலிருந்தே பொருந்திய 1882-ஆம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டம் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. ஒரே சொத்தாக இருந்தது பாகம் பிரியும்போது, ஒரு பாகத்துக்கு வேறு வழியே இல்லாமல் போனால், மற்ற பாகத்தின் வழியாகப் போகிற உரிமை உண்டு என்று அதன் 13-ஆம் பிரிவு சொல்கிறது. அந்த வழி எந்தப் பக்கம் போக வேண்டும் என்று காட்டுகிற முதல் உரிமை, வழி விடுகிறவருக்கு என்கிறது 14-ஆம் பிரிவு. ஆனால் அது போகிறவருக்கு நியாயமான வசதியோடு இருக்க வேண்டும். உரிமையைப் பயன்படுத்துகிறவர், வழி விட்டவருக்கு எவ்வளவு குறைவாகத் தொந்தரவு தர முடியுமோ அப்படித்தான் பயன்படுத்த வேண்டும் என்கிறது 22-ஆம் பிரிவு. 28-ஆம் பிரிவில், ஒரு வகைப் பாதை உரிமை வேறொரு வகைப் பாதை உரிமையை உள்ளடக்காது என்று இருக்கிறது. அதாவது நடக்க உரிமை உண்டு என்பதாலேயே லாரி ஓட்ட உரிமை வந்துவிடாது. பாருங்கள், நூற்று நாற்பது ஆண்டுக்கு முன் எழுதியவர்கள் "எவ்வளவு தேவையோ அவ்வளவு" என்கிற அளவை உள்ளே வைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

மரத்துக்கும் இப்போது சட்டக் காவல் வந்திருக்கிறது. தமிழ்நாட்டின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை 2021 ஆகஸ்டில் வந்தபோது, பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அறிவித்தார்கள். நல்ல அறிவிப்பு. ஆனால் அனுமதிக்கு மனு எழுதுகிறவர், இருபதடிக்கு எழுதுகிறாரா பத்தடிக்கு எழுதுகிறாரா என்பதில்தான் நாற்பது மரமா, மூன்று மரமா என்பது அடங்கியிருக்கிறது. அதை ஆட்சியர் வந்து அளக்க முடியாது. அளப்பது நம் வேலை.

வெளிநாட்டிலும் இதே சிக்கல் உண்டு. பிரான்சில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு துண்டு நிலங்களை ஒன்றுசேர்த்தபோது, பெரிய இயந்திரங்களுக்காக வயல்களுக்கு நடுவே இருந்த உயிர்வேலிகளை ஏராளமாக அழித்துவிட்டார்கள். மண் அரிப்பும் வெள்ளமும் வந்த பிறகு மறுபடியும் வேலி நடுவதற்கு அரசாங்கமே பணம் கொடுக்கிற நிலை வந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1997-இல் உயிர்வேலிகளுக்கென்றே ஒரு விதி கொண்டுவந்தார்கள். வேலியை எடுக்க நினைக்கிற விவசாயி உள்ளாட்சிக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். அவர்கள் 42 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். அதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சலுகை. பழைய வாசலுக்குப் பதிலாகப் புதிய வாசல் திறக்க வேண்டுமென்றால் அந்த அனுமதிகூட வேண்டாம். ஆனால் எட்டு மாதத்துக்குள் பழைய வாசலை வேலி நட்டு அடைத்துவிட வேண்டும். எவ்வளவு சுத்தமான கணக்கு! ஒன்று திறந்தால் ஒன்று மூட வேண்டும். நம் ஊரில் என்ன செய்கிறோம்? புதுப் பாதை வந்த பிறகும் பழைய பாதை முள் ஏறிக் கிடக்கும். அதில் இருபது பனங்கொட்டை புதைத்தால் என்ன குறைந்துவிடும்?

இங்கிலாந்து வரைக்கும்கூடப் போக வேண்டியதில்லை. நாம் முத்துக்குளித்துறைக்காரர்கள். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு எப்படி நடந்தது? நினைத்தவர் நினைத்த நாளில் இறங்கிவிட முடியாது. முதலில் பார்களைச் சோதிப்பார்கள். மாதிரிக்குச் சிப்பி எடுத்துத் திறந்து, முதிர்ந்திருக்கிறதா, முத்து தேறுமா என்று கணக்கிடுவார்கள். தேறும் என்றால்தான் அறிவிப்பு. இல்லையென்றால் பல ஆண்டுகள் குளிப்பே கிடையாது. இங்கே கடைசியாக 1961-இல் நடந்தது. சோதித்துப் பார்த்துவிட்டு, இத்தனை நாள், இன்னாருக்கு இவ்வளவு பங்கு என்று தீர்மானித்த பிறகுதான் கடலில் இறங்குவது என்பது நம் கடற்கரைக்குப் பழகிய ஒழுங்கு. அதே வளைகுடாவில் பவளப்பாறையை அப்படி எந்த ஒழுங்கும் இல்லாமல் சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பல காலம் வெட்டி எடுத்தோம். இருபத்தொரு தீவில் இரண்டு தீவு கடலுக்குள் போய்விட்டது. அளந்து எடுத்ததற்கும் அளக்காமல் எடுத்ததற்கும் உள்ள வித்தியாசம் நம் வாசலிலேயே இருக்கிறது.

ஆகவே வயல்பாதை போடப் போகிற எவரும் மண்வெட்டி எடுப்பதற்கு முன் ஐந்து கேள்வி கேட்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

ஒன்று, எந்த வண்டி போக வேண்டும்? அதன் அகலம் எவ்வளவு? ஆண்டுக்கு எத்தனை நாள் போகும்?

இரண்டு, புலப்படத்தில் பழைய பாதை இருக்கிறதா? அது இப்போது யார் கையில் இருக்கிறது?

மூன்று, தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போகிறது? அதற்கு எங்கே வழி விடுகிறோம்?

நான்கு, கோட்டில் நிற்கிற மரம் எது, யாருடையது, ஆண்டுக்கு என்ன தருகிறது? வளைத்துப் போக எவ்வளவு கூடுதல் செலவு? அந்தச் செலவு மரத்தின் விலையை விடக் கூடுதலா, குறைவா?

ஐந்து, வெட்டியே ஆக வேண்டும் என்றால், பதிலுக்கு எங்கே நடுகிறோம்? யார் பார்த்துக்கொள்வது?

இந்த ஐந்தாவது கேள்வியில்தான் நாம் எல்லாரும் ஏமாறுகிறோம். ஒன்றுக்குப் பத்து நடுவோம் என்று சொல்லிவிட்டு, பத்தையும் போட்டோ எடுத்ததோடு மறந்துவிடுவோம். பனை விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. பனையைப் பையில் வளர்த்து வேறிடத்தில் நடுவது கடினம். அதன் முளை முதலில் பூமிக்குள் ஆழமாக இறங்கிவிடும். அது எங்கே நிற்க வேண்டுமோ அங்கேயே கொட்டையைப் புதைக்க வேண்டும், அதுவும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால். நான் சொன்ன ஊரில் அறுபது கொட்டை புதைத்தோம். பாதிக்கு மேல் முளைத்திருக்கிறது. சிலவற்றை ஆடு கடித்தது, சிலவற்றைக் கிழங்குக்காகப் பிள்ளைகள் தோண்டிவிட்டார்கள். பிள்ளைகளை என்ன சொல்ல முடியும்? நாமும் அப்படித் தோண்டித் தின்று வளர்ந்தவர்கள்தானே. இப்போது ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு வீட்டின் பெயர் போட்டுவைத்திருக்கிறார்கள். அந்த வரிசையின் பலன் பின்னாளில் அந்த வீட்டுக்கு. அதற்குப் பிறகு ஆடு கடிப்பது குறைந்திருக்கிறது.

இப்போது படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். கடைசி ஆண்டுப் பிராஜெக்டுக்கு என்ன செய்யலாம் என்று என்னிடம் பலர் கேட்கிறீர்கள். அடுக்குமாடிக் கட்டட வடிவமைப்பு எல்லாரும் செய்கிறார்கள். ஒரு கிராமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புலப்படங்களை இப்போது அரசின் இணையதளத்திலேயே எடுக்கலாம். படத்தில் உள்ள வண்டிப்பாதை எல்லாவற்றையும் தரையில் தேடுங்கள். எது இருக்கிறது, எது வேலிக்குள் போயிற்று, எது முள்ளுக்குள் போயிற்று என்று குறியுங்கள். மழை பெய்கிற நாளில் போய்த் தண்ணீர் எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். வரப்பிலும் கரையிலும் நிற்கிற மரங்களை ஒவ்வொன்றாக எண்ணி எழுதுங்கள். யாருடையது என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். வடிவமைப்புப் பாடம், நில அளவைப் பாடம், நீரியல் பாடம் மூன்றும் ஒரே பிராஜெக்டில் வந்துவிடும். அந்தப் படத்தின் ஒரு பிரதியை ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வாருங்கள். நாளைக்கு அந்த ஊரில் ஒரு பாதைச் சண்டை வரும்போது, குரல் உயர்த்துவதற்கு முன்னால் விரித்து வைத்துப் பார்க்க ஒரு தாள் இருக்கும்.

மூத்த நண்பர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். நம்மில் பலருக்குக் கிராமத்தில் இன்னும் ஒரு துண்டு நிலம் இருக்கிறது. நாம் சென்னையிலும் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறோம். பின்னால் இருக்கிற வயல்காரர் வழி கேட்டுப் போன் செய்தால், "அப்புறம் பார்க்கலாம்" என்று வைத்துவிடுகிறோம். நமக்கு அது இரண்டு சென்ட். அவருக்கு அது ஒரு போகம். வழியைக் கொடுங்கள். கொடுக்கும்போது, எந்த மரத்தை ஒட்டி வழி போக வேண்டும், எந்த மரம் நிற்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். சட்டமே அந்த உரிமையை உங்களுக்குத் தந்திருக்கிறது.

பொறியியல் என்றால் இருப்பதை இடித்துப் புதிதாகக் கட்டுவது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. எவ்வளவு குறைவாக இடித்தால் வேலை நடக்கும் என்று கண்டுபிடிப்பதும் பொறியியல்தான்.